ஃபுல் எச்.டி. கல்யாணம்

அட்டைப்பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் 'ஃபுல் எச்.டி. 1080' என்று போட்டிருந்தது. மூலையில் சிவப்பு வட்டத்துக்குள் 'யு.எஸ்.பி.' என்றும், பக்கவாட்டில் 'எம்பெக்-4' என்றும் இருந்தது. இதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. பொய்யாக இருந்திருந்தால் கடையில் சண்டை போட்டுக் காசைத் திரும்ப வாங்கியிருக்கலாம். மூன்று உண்மைகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவைத்து, நான்காவதை வாங்குகிறவனே கற்பனை செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். பென்டிரைவில் எச்.டி. படத்தை ஏற்றிச் செருகினால் டிவிடி பிளேயரில் ஓடும் என்பது அந்த நான்காவது.

சித்தப்பா அதை வாங்கியது 2011 கடைசியில், திருநெல்வேலி ஜங்ஷனில்.

"இதுல பென்டிரைவ் போடலாம்லா?"

"தாராளமா போடலாம் அண்ணாச்சி."

போடலாம்தான். போட்டால் பச்சை விளக்குகூட எரியும்.

டிவிடி பிளேயர் அப்போது ஆடம்பரப் பொருளாக இல்லை. 2006 தேர்தலுக்குப் பிறகு அரசாங்கமே வீட்டுக்கு வீடு 14 இஞ்ச் கலர் டிவி கொடுக்க ஆரம்பித்தது. 2007 வாக்கில் மோசர் பேர் கம்பெனி, வி.சி.டி. 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று ஒரிஜினலைத் திருட்டு சி.டி. விலைக்கே இறக்கிவிட்டது. டிவி இலவசம், டிஸ்க் மலிவு என்று ஆனபிறகு நடுவில் இருக்கிற பெட்டி மட்டும் எத்தனை நாள் கௌரவம் பார்க்கும்? இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைத்தது. பிரபலமான பெயரில் ஒரு எழுத்தை மட்டும் மாற்றிய பிராண்டு என்றால் இன்னும் குறைத்துத் தருவார்கள். பெட்டியைவிட ரிமோட் கனமாக இருக்கும்.

சித்தப்பா வாங்கியது நல்ல பிராண்டுதான். தை மாதம் மகள் கல்யாணம். கல்யாணச் செலவோடு செலவாக 32 இஞ்ச் எல்.சி.டி. டிவியும் வந்திருந்தது. அதன் மூலையில் 'எச்.டி. ரெடி' என்று ஒட்டியிருந்தார்கள். ஃபுல் எச்.டி.க்குக் குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள் வேண்டும். அந்தத் திரையில் இருந்தது 1366-க்கு 768. தயாராக இருக்கிறது, இன்னும் கிளம்பவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். டிவியின் முதுகிலும் ஒரு யு.எஸ்.பி. துளை இருந்தது. ஆனால் அதன் மேல் 'சர்வீஸ் ஒன்லி' என்று எழுதியிருந்தது. ரிப்பேர்காரர் வந்தால் அவர் மட்டும் பயன்படுத்தலாம்.

கல்யாண வீடியோவுக்கு ஸ்டுடியோக்காரர் மூன்று ரேட் வைத்திருந்தார். சாதா, எச்.டி., எச்.டி.யோடு கிரேன். சித்தப்பா நடுவிலுள்ளதைத் தேர்ந்தெடுத்தார். ஆடிட்டர் ஆபீசில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவர். எந்த மெனுவிலும் நடுவிலுள்ளதைத்தான் தேர்ந்தெடுப்பார். மாசி கடைசியில் ஆல்பத்தோடு மூன்று டிவிடிகள் வந்தன. அட்டையில் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரு சுவிட்சர்லாந்து மலைக்கு முன்னால் நின்றார்கள். டிஸ்கைப் போட்டதும் ஓடியது. நாங்கள் எல்லாரும் திருப்தியாக எழுந்துபோயிருப்போம். சித்தப்பா பில்லைக் கையில் வைத்திருந்தார்.

"எச்.டி.க்குன்னு தனியா எட்டாயிரம் போட்டிருக்கீரே வேய், இதுல எச்.டி. எங்க இருக்கு?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. 1996-ல் ஜப்பானில் டிவிடி விற்பனைக்கு வந்தபோதே அதன் படத்தின் அளவு முடிவாகிவிட்டது. நம் நாட்டு முறையில் 720-க்கு 576 புள்ளி. பெருக்கினால் நாலு லட்சத்துப் பதினாலாயிரத்துச் சொச்சம். ஃபுல் எச்.டி. என்பது இருபது லட்சத்து எழுபத்துமூவாயிரத்துச் சொச்சம். சரியாக ஐந்து மடங்கு. எந்த கேமராவில் எடுத்தாலும் சரி, டிவிடியில் எழுதிக் கொடுத்தால் ஐந்தில் நாலு பங்கு எடிட்டிங் டேபிளிலேயே நின்றுவிடும். அந்த வருஷங்களில் தமிழ்நாட்டில் 'எச்.டி.' கல்யாணம் பண்ணிய எத்தனையோ குடும்பங்கள் எச்.டி.க்குக் காசைக் கொடுத்து டிவிடியை வாங்கி பீரோவுக்குள் பத்திரமாக வைத்திருக்கின்றன. கணக்கு எழுதுகிறவர்கள் வீட்டில்தான் அது பிரச்சினையானது.

ஸ்டுடியோக்காரர் மறுபேச்சுப் பேசவில்லை. எட்டு ஜி.பி. பென்டிரைவ் ஒன்றில் அசல் எச்.டி.யை ஏற்றிக் கொடுத்துவிட்டார்.

பிளேயர்காரர்கள் 1080 என்று சொன்னது வேறு விஷயம். டிஸ்கிலிருந்து எடுக்கிற நாலு லட்சம் புள்ளிகளுக்கு நடுவே இல்லாத புள்ளிகளை யூகமாக நிரப்பி, இருபது லட்சமாக்கி, எச்.டி.எம்.ஐ. வயர் வழியாக டிவிக்கு அனுப்பும். நாலு பேருக்கு வைத்த ரசத்தில் வெந்நீர் ஊற்றி இருபது பேருக்குப் பரிமாறுகிற சமாச்சாரம். வெளியே போவது 1080. உள்ளே வருவது பற்றிப் பெட்டி வாயைத் திறக்கவில்லை.

'எம்பெக்-4'உம் அப்படியே. அது பல பாகங்கள் உள்ள தரநிலை. பிளேயருக்குத் தெரிந்தது இரண்டாம் பாகம்; டிவ்எக்ஸ், எக்ஸ்விட் எல்லாம் அந்த வகையறா. ஒரு முழுப் படத்தை 700 எம்.பி.க்குள் சுருக்கி ஒரே சி.டி.யில் அடக்கிக் காட்டி, 2000களின் தொடக்கத்தில் உலகத்தையே கலக்கியது அதுதான். அதன் பிறப்பே கொஞ்சம் குறும்பானது. மைக்ரோசாஃப்டின் கோடெக் ஒன்றைத் திறந்து, தன் வசதிக்குத் திருத்தி வெளியே விட்டவர் ஜெரோம் ரோட்டா என்கிற பிரெஞ்சுக்காரர். அமெரிக்காவில் அப்போது 'டிவ்எக்ஸ்' என்ற பெயரில், பார்க்கிற கணக்குக்குக் காசு கட்டுகிற டிஸ்க் திட்டம் ஒன்று நடந்து 1999-ல் மூடப்பட்டது. அதைக் கிண்டலடித்து அதே பெயரை வைத்து, பக்கத்தில் கண்ணடிக்கும் முகம் ஒன்றையும் போட்டார். கிண்டல் கம்பெனியாகி, கம்பெனி வளர்ந்து, கடைசியில் டிவிடி பிளேயர்களுக்குத் தகுதிச் சான்றிதழ் கொடுக்கும் இடத்துக்கு வந்துவிட்டது. திருடனைப் பிடித்து மணியம் ஆக்குவது நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை.

எச்.டி.க்கு உபயோகப்படுவதோ எம்பெக்-4இன் பத்தாம் பாகம். 2003-ல் வந்த எச்.264. அதைப் பிரித்துப் படமாக்குவதற்குக் கணக்கும் அதிகம், மெமரியும் அதிகம். லைசென்ஸ் கட்டணம்தான் தடை என்று அப்போது விவரம் தெரிந்தவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எச்.264க்கு ஒரு பெட்டிக்கு அதிகபட்சம் 20 அமெரிக்க சென்ட்தான். எல்லா டிவிடி பிளேயரும் கட்டியாக வேண்டிய பழைய எம்பெக்-2க்கு இரண்டரை டாலர். 2010-ல்தான் அது இரண்டு டாலர் ஆனது. இரண்டாயிரம் ரூபாய்ப் பெட்டிகள் எல்லாம் அதை ஒழுங்காகக் கட்டினவா என்று இங்கே கேட்க வேண்டாம். விஷயம் சிப்பில் இருந்தது. உள்ளே இருந்த சிப்புக்கு 720-க்கு 576 தாண்டினால் கைகால் ஓடாது. ஆகக்கூடி ஃபைல் எச்.டி., வயர் எச்.டி., டிவி எச்.டி.க்குத் தயார், பெட்டி மேல் அச்சடித்ததும் எச்.டி.; நடுவில் நகத்தளவு இருக்கிற சிப் மட்டும் இல்லை.

முதல் காட்சிக்குச் சங்கரன்கோவிலிலிருந்து ஆச்சிகூட வந்திருந்தாள். சித்தப்பா பென்டிரைவைக் குங்குமம் வைக்காத குறையாகச் செருகினார். திரையில் 'லோடிங்' வந்தது. பிறகு ஃபைலின் பெயர், 'கல்யா~1' என்று பாதியில் வெட்டுப்பட்டு வந்தது. எட்டெழுத்துக்கு மேல் அதற்குப் படிக்க வராது. ஓ.கே. பொத்தானை அழுத்தியதும் நீலத் திரையில் 'நாட் சப்போர்ட்டட்'.

"என்னடே போடுதான்?"

"சப்போர்ட் பண்ணாதாம் சித்தப்பா."

"யார? நம்மளயா?"

ஸ்டுடியோவுக்குத் திரும்பப் போனது பென்டிரைவ். அவர் ஃபைலை ஏ.வி.ஐ. ஆக்கிக் கொடுத்தார். ஒரே ஃபைலாக ஏற்ற முடியவில்லை. பிளேயருக்குப் புரிகிற ஃபேட்-32 முறையில் ஒரு ஃபைல் நாலு ஜி.பி.யைத் தாண்டக் கூடாது. என்.டி.எஃப்.எஸ்.ஸில் ஃபார்மேட் பண்ணினால் ஏறும், ஆனால் பிளேயர் பென்டிரைவையே பார்க்காது. எனவே கல்யாணத்தை இரண்டாக வெட்டினார். வெட்டு, சரியாகத் தாலி கட்டுகிற இடத்தில் விழுந்தது.

இந்த நாலு ஜி.பி. சங்கதியில் ஒரு விசேஷம் உண்டு. அந்த நாளில் கைக்குக் கை மாறிய 720 எச்.டி. சினிமாக்கள் பெரும்பாலும் 4.37 ஜி.பி.யில் இருக்கும். ஒரு டிவிடி டிஸ்கில் கச்சிதமாக அடங்க வேண்டும் என்று பார்த்துச் சுருக்கிய அளவு அது. அதனாலேயே ஃபேட்-32 பென்டிரைவில் ஏறாது. சரி என்று டிஸ்கிலேயே எழுதினாலும் டிவிடி பிளேயருக்கு அந்த கோடெக் தெரியாது. டிவிடிக்கென்றே அளவு பார்த்துச் செய்த படம், டிவிடி பிளேயரில் மட்டும் ஓடாது. யாரோ ரொம்பவும் யோசித்துச் செய்தது போல் இருக்கும்.

இரண்டாவது காட்சியில் முன்னேற்றம் இருந்தது. நாதஸ்வரம் கேட்டது. படம் வரவில்லை. சத்தம் எம்பி-3 என்பதால் பிளேயருக்கு அது தெரிந்திருந்தது. படம் அதே எச்.264. ஏ.வி.ஐ. என்பது வெறும் உறைதான். கறுப்புத் திரையிலிருந்து தவிலும், "பந்திக்கு வாங்க பந்திக்கு வாங்க" என்ற குரலும், யாரோ ஒரு குழந்தை விடாமல் அழுததும் வந்துகொண்டிருந்தன. சித்தி தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். ஆச்சி மட்டும் நகரவில்லை. "இது எங்க மதினி சத்தம்லா… இந்தா, இது சமையக்காரன்…" என்று ஒவ்வொருவராக அடையாளம் சொல்லிக்கொண்டே வந்தாள். அவளுக்குக் கண்ணில் புரை. ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். எங்களுக்கெல்லாம் படம் தெரிகிறது என்றே கடைசிவரை நினைத்திருந்தாள். "நல்லா எடுத்திருக்கான்" என்று ஸ்டுடியோக்காரருக்கு நற்சாட்சியும் கொடுத்தாள்.

பிறகு பொறுப்பு என் தலையில் விழுந்தது. குடும்பத்தில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவன் நான். ஃபார்மேட் ஃபேக்டரி என்று ஒரு இலவச மென்பொருள். அதில் எக்ஸ்விட், 720-க்கு 576 என்று கொடுத்து, அசலை உள்ளே தள்ளினால் மறுபக்கம் பிளேயருக்குப் பிடித்த மாதிரி வரும். மூன்று மணி நேர வீடியோவுக்கு என் கம்ப்யூட்டர் ராத்திரி முழுக்க எடுத்துக்கொண்டது. ராத்திரி முழுக்க என்பதுதான் அந்த வருஷம் கிடைக்காத பொருள். 2012-ல் சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இருக்காது. கூடங்குளம் எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அங்கிருந்து மின்சாரம் கம்பிக்கு வந்தது மறு வருஷம் கடைசியில். கன்வெர்ட் ஆகிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பாதியில் நின்ற ஃபைலைச் சேமிக்கவும் வழியில்லை. எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்கிற அட்டவணையை ஏ.வி.ஐ. கடைசியில்தான் எழுதும். அது இல்லாத ஃபைலில் முகூர்த்தத்துக்குத் தாவ முடியாது. மாப்பிள்ளை அழைப்பிலிருந்து உட்கார வேண்டும்.

மீட்டது அரசாங்கம்தான். 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில் சித்தப்பா மகனுக்கு ஒன்று வந்தது. கல்லூரியில் அதை என்னத்துக்குக் கொடுத்தார்களோ, எங்கள் வீட்டில் அதன் பேட்டரிக்குத்தான் மரியாதை. ஒரு மணி நேரம் கரண்ட் போனாலும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு அரசு டிவி கொடுத்தது, அடுத்த அரசு லேப்டாப் கொடுத்தது, இரண்டுக்கும் நடுவில் கரண்ட்டை யார் கொடுக்க வேண்டும் என்பது முடிவாகவில்லை.

மூன்றாவது காட்சியில் கல்யாணம் ஓடியது. தாலி கட்டும் இடமும் ஒட்டிக்கொண்டது. சித்தப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, மாப்பிள்ளையின் பட்டு வேட்டிக் கரையைப் பார்த்தபடி, "இப்பதான்டே எச்.டி. தெரியுது! டிஸ்குல இந்தத் தெளிவு இல்ல பாத்தியா?" என்றார். இருபது லட்சம் புள்ளியை நான் நாலு லட்சமாகக் குறைத்திருந்தேன். பிளேயர் அந்த நாலை மறுபடி இருபதாக ஊதி அனுப்பியது. டிவி அதைத் தன் பத்து லட்சத்துக்குள் அமுக்கிக்கொண்டது. ஸ்டுடியோக்காரர் முதலில் கொடுத்த டிவிடியில் இருந்ததும் இதே நாலு லட்சம்தான். உண்மையில் அது ஒரு பிடி நன்றாகவே இருந்தது. நான் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் பில்லை எடுப்பார்.

டிவிடி பிளேயரை ஒழித்தது புளூ-ரே என்று எழுதுகிறவர்கள் நம் பக்கத்து வீடுகளைப் பார்க்காதவர்கள். இங்கே அதைக் கொன்றது டிவிக்குப் பின்னாலிருந்த அந்தத் துளை. கொஞ்ச வருஷத்தில் அதன் மேலிருந்த 'சர்வீஸ் ஒன்லி' போய், எச்.264 சிப் டிவிக்குள்ளேயே வந்தது. பென்டிரைவை நேராக டிவியில் செருகினால் எம்.கே.வி. ஓடியது. நடுவில் ஒரு பெட்டி எதற்கு? மோசர் பேர் 2018-ல் திவாலாகிக் கலைக்கப்பட்டது. சித்தப்பா வீட்டுப் பிளேயர் சித்தியின் கைப்பின்னல் விரிப்புக்கு அடியில் போய், அதன் மேல் தலையாட்டும் தஞ்சாவூர் பொம்மை ஒன்று உட்கார்ந்தது.

இன்றைக்கு டிவியில் ஓடாத ஃபைல் அநேகமாக இல்லை. ஆனால் வீட்டில் ஃபைல் என்று ஒன்றும் இல்லை. எல்லாம் எங்கிருந்தோ வந்து ஓடிவிட்டுப் போகிறது. அத்தனை பாடுபட்டுக் கிடைத்த அந்த யு.எஸ்.பி. துளை, என் வீட்டில் ஸ்ட்ரீமிங் குச்சிக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

போன வருஷம் சித்தப்பா மகனுக்குக் கல்யாணம். அதே லேப்டாப் பையனுக்கு. இப்போதைய ரேட் அட்டையில் சாதா கிடையாது. எச்.டி.தான் சாதா. 4கே, 4கே-யோடு ட்ரோன், அதற்கு மேல் ஏதோ 'சினிமாட்டிக்'. சித்தப்பா நடுவிலுள்ளதை எடுத்தார். இரண்டு மாதம் கழித்து, பெண் மாப்பிள்ளை பெயர் செதுக்கிய மரப்பெட்டிக்குள் வைக்கோல் பரப்பி, அதன் நடுவே 64 ஜி.பி. பென்டிரைவ் ஒன்று வந்தது. சித்தப்பா வீட்டு டிவி 2014 மாடல். முதலில் பென்டிரைவே தெரியவில்லை, நாலு ஜி.பி. வரம்பைத் தாண்டுவதற்காக வந்த எக்ஸ்ஃபேட் முறை அந்த டிவிக்குத் தெரியாது. வேறு பென்டிரைவில் மாற்றிப் போட்டேன். 'ரெசல்யூஷன் நாட் சப்போர்ட்டட்' என்றது.

"யூடியூப்ல போட்டுருங்க மாமா" என்று மருமகள் சொன்னாள். போட்டோம். ஸ்டுடியோக்காரர் ஊஞ்சலுக்கும் நலங்குக்கும் பந்திக்கும் சினிமாப் பாட்டுகளைக் கோத்திருந்தார். பாட்டுக்காரர்களின் உரிமை குறுக்கே வந்து சில இடங்களில் சத்தம் போய்விட்டது. பந்தி ஊமையாக நடந்தது. கெட்டிமேளம் என்று கையை உயர்த்திய ஐயரை நிறுத்திவைத்து ஒரு சோப்பு விளம்பரம் வந்தது. ஐந்து விநாடிக்குப் பிறகு தாண்டலாம் என்று போட்டிருந்தது. சித்தி ரிமோட்டைத் தேடுவதற்குள் முப்பது விநாடியும் முடிந்துவிட்டது.

சித்தப்பா எழுந்துபோய்த் தஞ்சாவூர் பொம்மையை எடுத்துக் கீழே வைத்தார்.

"அந்த ஃபார்மேட் ஃபேக்டரி இன்னும் இருக்காடே?"

இருந்தது. அன்றைக்கு ராத்திரியெல்லாம் ஓடியது இப்போது சித்தி காபி போட்டு எடுத்து வருவதற்குள் முடிந்தது. பழைய பிளேயர் ஒரு முறை தொண்டையைக் கனைத்துவிட்டு 'லோடிங்' என்றது, பெயரைப் பாதியில் வெட்டியது, கல்யாணத்தைக் காட்டியது. ட்ரோன் மண்டபத்தின் மேலே ஏறி, தாமிரபரணி வரை போய்த் திரும்பியது. ஒரு விளம்பரம் இல்லை.

சித்தப்பா கொஞ்ச நேரம் பார்த்தார். "இது 4கேயா?" என்றார். இந்த முறை சொல்லிவிட்டேன். 4கே என்றால் 3840-க்கு 2160, எண்பத்திரண்டு லட்சத்துத் தொண்ணூற்றுநாலாயிரத்துச் சொச்சம். இதில் தெரிவது அதே பழைய நாலு லட்சம்.

கால்குலேட்டர் கேட்கவில்லை. "இருபதுல ஒரு பங்கு. சரியா இருபது" என்றார். பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "4கேன்னு தனியா முப்பதாயிரம் வாங்கியிருக்கான். இருபதுல ஒண்ணு ஆயிரத்தி ஐந்நூறு. மிச்சத்துக்கு ஜி.எஸ்.டி. வேற கட்டியிருக்கு."

"நீங்க டிவியை மாத்துங்கப்பா, 4கே தெரியும்" என்றான் மகன்.

"டிவி எவ்வளவுடே?"

சொன்னான். சித்தப்பா அதையும் பில்லின் பின்பக்கம் எழுதி, அடியில் ஒரு கோடு போட்டுக் கூட்ட ஆரம்பித்தார்.